வீட்டு எலெக்ட்ரானிக்ஸ் மேசை: எந்தப் பாகங்களை, எத்தனை, எப்படிச் சேர்த்து வைப்பது

நான் முதன்முதலாக வாங்கிய ரெசிஸ்டர் (மின்தடை) பெட்டியில் 30 மதிப்புகள் இருந்தன. மதிப்புக்கு 20 வீதம் மொத்தம் 600. இனி ரெசிஸ்டர் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நினைத்தேன். நான்கே மாதத்தில் 10 கிலோ ஓம் தீர்ந்தது. அடுத்து 1 கிலோ ஓம், பிறகு 330 ஓம். மீதி மதிப்புகளில் பாதிக்கு மேல் இன்றும் காகித நாடாவிலிருந்து பிரிக்கப்படாமல் அப்படியே கிடக்கின்றன. பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறவரின் மேசையில் எது ஓடும், எது தூங்கும் என்பதை அந்தப் பெட்டிதான் எனக்குக் காட்டியது. சில பாகங்கள் எந்தச் சர்க்யூட்டை எடுத்தாலும் தேவைப்படும். அவற்றைக் கை நிறைய வையுங்கள். மற்றவற்றை வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதல் படி: வாங்கும் முன் ஒரு தாள் எடுங்கள்

அடுத்த சில மாதங்களில் செய்து பார்க்க ஆசைப்படும் ஐந்து சர்க்யூட்களின் பெயரை எழுதுங்கள். உதாரணத்துக்கு, இருட்டினால் எரியும் விளக்கு, 555 டைமர் சில்லை வைத்து மினுக்கும் எல்இடி, மைக்ரோகண்ட்ரோலரில் (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் சில்லு) வெப்பநிலை காட்டும் கருவி, சின்ன மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட், கதவு திறந்தால் ஒலிக்கும் மணி. ஒவ்வொன்றுக்கும் கீழே அதற்கு வேண்டிய பாகங்களை எழுதிவாருங்கள். எழுதி முடித்ததும் எந்தப் பாகம் மூன்று பட்டியலுக்கு மேல் வருகிறதோ அதை வட்டமிடுங்கள். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 100 நானோஃபாரட் கெபாசிட்டர் (மின்தேக்கி), என்பிஎன் டிரான்சிஸ்டர், எல்இடி, டயோடு ஆகியவை பெரும்பாலும் வட்டத்துக்குள் வந்துவிடும். வட்டத்துக்குள் இருப்பதுதான் உங்கள் கையிருப்பு. வட்டத்துக்கு வெளியே இருப்பதை அந்தந்த வேலைக்கு மட்டும் வாங்குங்கள், உடைந்தால் உதவ ஒன்று கூடுதலாக.

இந்தத் தாள் வேலைக்கு அரை மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் கடைப்பட்டியலைப் பார்த்து வாங்க ஆரம்பித்தால், பார்ப்பதெல்லாம் தேவை என்றே தோன்றும்.

இரண்டாம் படி: ரெசிஸ்டர்கள்

10, 15, 22, 33, 47, 68 என்று ரெசிஸ்டர் மதிப்புகள் ஏன் இப்படித் தாறுமாறாக இருக்கின்றன என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எழுதிய மதிப்பிலிருந்து 20 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று தயாரித்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 10 என்று எழுதிய ரெசிஸ்டர் 12 வரை ஏறலாம். 15 என்று எழுதியது 12 வரை இறங்கலாம். 15 மேலே 18 வரை போகும், 22 கீழே 17.6 வரை வரும். 22 மேலே 26.4, 33 கீழே அதே 26.4. ஒன்றின் எல்லை முடிகிற இடத்தில் அடுத்ததன் எல்லை தொடங்குகிறது. இந்த ஆறு எண் வரிசைக்கு இ6 என்று பெயர். 10 சதவீதத்துக்கு இ12, 5 சதவீதத்துக்கு இ24, 1 சதவீதத்துக்கு இ96 என்று நெருக்கமான வரிசைகள் அப்புறம் வருகின்றன.

10 ஓம் தொடங்கி 1 மெகா ஓம் வரை இ6 வரிசையை முழுமையாக வைத்தால் 31 மதிப்புகள். இ12 என்றால் 61. தொடக்கத்தில் இரண்டுமே வேண்டாம். 100 ஓம், 330 ஓம், 1 கிலோ, 4.7 கிலோ, 10 கிலோ, 100 கிலோ, 1 மெகா ஓம் ஆகிய ஏழு மதிப்புகளில் தலா 100 வாங்குங்கள். 10 கிலோவை மட்டும் 200 வாங்கினாலும் தப்பில்லை. பட்டனுக்கு, சென்சாருக்கு, டிரான்சிஸ்டரின் பேஸுக்கு, ரீசெட் காலுக்கு என்று எங்கு பார்த்தாலும் அதுதான் போய் உட்காரும்.

இடையில் ஒரு மதிப்பு தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு 10 கிலோவைப் பக்கத்தில் பக்கமாக இணைத்தால் 5 கிலோ, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 20 கிலோ. 3.3 கிலோ கேட்கிறது, கையில் இல்லை என்றால் 4.7 கிலோவையும் 10 கிலோவையும் பக்கத்தில் பக்கமாகப் போடுங்கள். 3.2 கிலோ வரும். பட்டனுக்கும் எல்இடிக்கும் அந்த மூன்று சதவீத வித்தியாசம் தெரியவே தெரியாது.

எந்த வகை வாங்குவது? கால் வாட், மெட்டல் ஃபிலிம், 1 சதவீதம். நீல உடலோடு வருபவை பெரும்பாலும் இவைதான். கார்பன் ஃபிலிமை விட இரைச்சல் குறைவு, வெப்பத்தால் மதிப்பு மாறுவதும் குறைவு. ஒரே ஒரு தொந்தரவு, ஐந்து பட்டைகளைப் படிக்க வேண்டும். 4.7 கிலோ என்றால் மஞ்சள், ஊதா, கருப்பு, பழுப்பு, கடைசியில் இன்னொரு பழுப்பு. முதல் மூன்றும் 4, 7, 0. நான்காவது பழுப்பு ஒரு சைபரைச் சேர்க்கச் சொல்கிறது, ஆக 4700. ஐந்தாவது பழுப்பு 1 சதவீதத்தைக் குறிக்கும். நீல உடலின் மேல் பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் ஒன்று போலவே தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவது என்பதும் குழப்பும். அதனால் மேசையில் விழுந்து கிடக்கும் ரெசிஸ்டரை நிறம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மல்டிமீட்டரில் அளந்துவிட்டுப் போடுங்கள், ஐந்து நொடிதான் ஆகும்.

கால் வாட் என்பது எவ்வளவு தூரம் தாங்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் கையில் பிடிபடும். 100 ஓம் ரெசிஸ்டரை நேராக 5 வோல்ட்டில் இணைத்தால் 5 பெருக்கல் 5, அதை 100 ஆல் வகுத்தால் 0.25 வாட். எல்லையிலேயே நிற்கிறது, தொட்டால் சுடும். எல்இடிக்கு அப்படி இல்லை. 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 3 வோல்ட் 330 ஓம் மேல் விழுந்தால் 9 மில்லி ஆம்பியர் ஓடும், ரெசிஸ்டரில் 0.03 வாட்கூட வராது. எல்இடி நன்றாகவே எரியும். 12 வோல்ட்டாக இருந்தால் 1 கிலோ ஓம் போடுங்கள், 10 மில்லி ஆம்பியர். ஏழு மதிப்புகளில் 330ஐயும் 1 கிலோவையும் சேர்த்தது இதற்காகத்தான்.

திருகி மாற்றக்கூடிய பொட்டென்ஷியோமீட்டரில் 10 கிலோ ஓம், லீனியர் வகை, ஐந்து வைத்தால் போதும். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்க மட்டும் லாக் வகை வேண்டும், அது தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: கெபாசிட்டர்கள்

மேசையில் அதிகம் செலவாகும் கெபாசிட்டர் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: 100 நானோஃபாரட் செராமிக். மேலே 104 என்று எழுதியிருக்கும். 10, அதற்குப் பின் நான்கு சைபர், ஆக 1,00,000 பிக்கோஃபாரட். 100 நானோ என்றாலும் 0.1 மைக்ரோ என்றாலும் அதேதான். ஒவ்வொரு ஐ.சி.யின் (ஒரு சர்க்யூட்டையே அடக்கிய சில்லு) பவர் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, முடிந்தவரை நெருக்கமாக, இதில் ஒன்று உட்கார வேண்டும். ஐ.சி. உள்ளே ஒரு நொடியில் லட்சக்கணக்கான தடவை நிலை மாறும்போது சட்டென்று கொஞ்சம் மின்னோட்டம் கேட்கும். அது நீண்ட வயரில் ஓடி வருவதற்குள் மின்னழுத்தம் தொய்ந்துவிடும். பக்கத்திலிருக்கும் இந்தக் கெபாசிட்டர் அந்த நேரத்தில் கொடுத்து உதவுகிறது. மைக்ரோகண்ட்ரோலர் காரணமில்லாமல் ரீசெட் ஆகிறது, கவுண்டர் ஐ.சி. ஒன்றுக்கு இரண்டாக எண்ணுகிறது என்று புலம்பும் பலரின் போர்டில் இது இருக்காது. 100 வாங்குங்கள்.

இதோடு 22 பிக்கோ, 1 நானோ, 10 நானோ, 1 மைக்ரோ செராமிக்கில் தலா இருபது. 22 பிக்கோ, மைக்ரோகண்ட்ரோலருக்குத் தாளம் தரும் கிரிஸ்டலுக்குப் பக்கத்தில் வரும். மற்றவற்றை வாங்கும்போது எக்ஸ்7ஆர் என்ற வகையைக் கேளுங்கள். குளிரிலும் சூட்டிலும் அதன் மதிப்பு 15 சதவீதத்துக்கு மேல் மாறாது. ஒய்5வி என்றால் விலகிவிடுங்கள். வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் அதன் மதிப்பில் பெரும்பகுதி கரைந்துபோகும்.

எலெக்ட்ரோலைட்டிக்கில் 10, 100, 470, 1000 மைக்ரோஃபாரட் தலா பத்து. வோல்ட் அளவைக் கவனியுங்கள். சர்க்யூட்டின் மின்னழுத்தத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தாங்குவதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் 25 வோல்ட்டில் வாங்கினால் 5 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் ஒன்றே ஆகும், தனித்தனியாக அடுக்க வேண்டியதில்லை. நீளமான கால் பாசிட்டிவ், உடலில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். திருப்பிப் போட்டால் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் சிதையும், சூடேறும், மேல்மூடி வெடித்துத் திறக்கும். முதல்முறை பவர் கொடுக்கும்போது முகத்தைப் போர்டுக்கு நேர் மேலே வைக்காதீர்கள்.

டாண்டலம் கெபாசிட்டரைத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம். அதில் கோடு பாசிட்டிவ் பக்கத்தைக் காட்டும், எலெக்ட்ரோலைட்டிக்குக்கு நேர் எதிர். மாற்றிப் போட்டால் தீப்பிடிக்கும். இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்திருக்கும் புதியவருக்கு இது நிச்சயம் ஒருநாள் நடக்கும்.

எலெக்ட்ரோலைட்டிக்குக்கு வயது உண்டு. பல வருடம் சும்மா கிடந்தால் ஆக்சைடு படலம் மெலிந்து, முதலில் பவர் கொடுக்கும்போது அதிகமாகக் கசியும். அதனால் இவற்றை மட்டும் மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். உறையில் வாங்கிய வருடத்தை எழுதிவையுங்கள். ரெசிஸ்டரை இருபது வருடம் வைத்திருக்கலாம், இதை அப்படி வைக்க முடியாது.

நான்காம் படி: டயோடும் டிரான்சிஸ்டரும்

டயோடில் மூன்றே வகை போதும். சின்ன சிக்னலுக்கு 1என்4148. பவருக்கு 1என்4007. 4001 முதல் 4007 வரை ஏழுமே 1 ஆம்பியர் தாங்குபவை. தலைகீழ் மின்னழுத்தம் தாங்குவதில்தான் வித்தியாசம், 4001 வெறும் 50 வோல்ட், 4007 ஆயிரம் வோல்ட். விலையில் பெரிய வேறுபாடு இல்லாதபோது மற்ற ஆறையும் ஏன் சேர்க்க வேண்டும்? மூன்றாவது ஷாட்கி வகை, 1என்5819. சாதாரண டயோடு 0.7 வோல்ட்டை விழுங்கும் இடத்தில் இது ஏறக்குறைய பாதியைத்தான் விழுங்கும். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாலும் சர்க்யூட் பிழைக்க இது நல்ல காவல். மூன்றிலும் தலா 25.

டிரான்சிஸ்டரில் ஒரு என்பிஎன், அதற்கு ஜோடியாக ஒரு பிஎன்பி. பிசி547, பிசி557 ஜோடியை எடுங்கள், அல்லது 2என்3904, 2என்3906 ஜோடியை எடுங்கள். இரண்டு குடும்பத்தையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். காரணம் கால்களின் வரிசை. தட்டையான முகம் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் பிசி547 இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 அப்படியே தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். உடல் ஒன்றுதான், கருப்பு நிறமும் ஒன்றுதான்.

இதில் நானே ஒரு மாலை முழுவதும் மாட்டிக்கொண்டேன். 5 வோல்ட் ரிலேவை (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) இயக்க ஒரு டிரான்சிஸ்டர் போட்டிருந்தேன். உறையில் 2222 என்று எழுதியிருந்தது. முன்பு பலமுறை செய்த அதே சர்க்யூட். ஆனால் ரிலே இழுக்கவில்லை. வயரை மாற்றினேன், ரிலேயை மாற்றினேன், புரோகிராமைத் திரும்ப எழுதினேன். கடைசியில்தான் டிரான்சிஸ்டரைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிஎன்2222ஏ என்று நான் நினைத்தது பி2என்2222ஏ. முன்னது எமிட்டர், பேஸ், கலெக்டர். பின்னது கலெக்டர், பேஸ், எமிட்டர். நடுவில் ஒரு 2 கூடியதில் கால்கள் தலைகீழாகிவிட்டன. பேஸ் நடுவிலேயே இருப்பதால் டிரான்சிஸ்டர் முழுக்கச் சாகவும் இல்லை. எமிட்டரும் கலெக்டரும் மாறினால் பெருக்கும் திறன் மிகவும் குறைந்துவிடும், ரிலேவுக்குப் போதுமான மின்னோட்டம் வராது.

அன்றிலிருந்து புதிதாக வரும் டிரான்சிஸ்டர் உறை எதுவானாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்து மல்டிமீட்டரின் டயோடு நிலையில் சோதிக்கிறேன். நீங்களும் செய்துபாருங்கள். என்பிஎன் என்றால் சிவப்பு முனையை நடுக்காலில் வைத்து, கருப்பு முனையை ஓரக்கால்களில் ஒவ்வொன்றாக வையுங்கள். இரண்டிலும் 0.6 முதல் 0.7 வோல்ட்டுக்குள் காட்டும். கூர்ந்து பார்த்தால் ஒரு பக்கம் சில மில்லிவோல்ட் அதிகமாக இருக்கும். அதிகம் காட்டும் பக்கம் எமிட்டர். உறையின் மேலேயே கால்களின் வரிசையைப் படமாக வரைந்துவிடுங்கள்.

மோட்டார் போன்ற பெரிய சுமைக்கு மாஸ்ஃபெட், கேட் என்ற காலில் தரும் மின்னழுத்தத்தால் திறக்கும் டிரான்சிஸ்டர் வகை. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஐஆர்எஃப்540என் போன்றவை கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால்தான் முழுதாகத் திறக்கும். மைக்ரோகண்ட்ரோலரின் 5 வோல்ட் கொடுத்தால் அரைகுறையாகத் திறந்து, சூடாகி, செத்துப்போகும். லாஜிக் லெவல் வகையான ஐஆர்எல்இசட்44என் 5 வோல்ட்டுக்கு ஏற்றது. உங்கள் போர்டு 3.3 வோல்ட்டில் ஓடுவதென்றால் அதுவும் நிச்சயமில்லை. கேட்டில் 2.5 வோல்ட் கொடுக்கும்போது எவ்வளவு தடை என்று தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். தந்திருந்தால் வாங்குங்கள். திறக்கத் தொடங்கும் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, அது கதவில் விழும் முதல் கீறல் மட்டுமே.

எல்இடியில் சிவப்பும் பச்சையும் 5 மில்லிமீட்டரில் தலா இருபது. சின்ன பட்டன்கள் இருபது. நீலமும் வெள்ளையும் சுமார் 3 வோல்ட் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள், 3.3 வோல்ட் போர்டில் மங்கலாகத்தான் எரியும்.

ஐந்தாம் படி: ஐ.சி.யும் ரெகுலேட்டரும்

ஐ.சி.யைச் சேர்க்கத் தொடங்கினால் முடிவே இருக்காது. ஐந்தாறு வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 555 டைமர் கட்டாயம். ஹான்ஸ் காமென்சிண்ட் 1971இல் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் இன்றைக்கும் புதிதாகத் தயாரிக்கிறார்கள். பழைய வகை 4.5 வோல்ட்டுக்குக் கீழே சரியாக ஓடாது, நிலை மாறும்போது பவர் லைனைக் குலுக்கும். பேட்டரியில் ஓட்டுவதென்றால் டிஎல்சி555 போன்ற சிமாஸ் வகையை வாங்குங்கள், 2 வோல்ட்டிலேயே வேலை செய்யும்.

ஆப்-ஆம்பில் (சின்ன சிக்னலைப் பெருக்கும் ஐ.சி.) எல்எம்358. ஒற்றை பவரில் 3 வோல்ட்டிலிருந்து ஓடும். ஆனால் வெளியீடு மேலே பவர் வரை போகாது, சுமார் ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும். 5 வோல்ட் கொடுத்தால் 3.5க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். முழு உயரமும் வேண்டும் என்றால் எம்சிபி6002 வகை. இவை தவிர, மைக்ரோகண்ட்ரோலரின் வெளியீட்டுக் கால்கள் போதாதபோது 74எச்சி595, ரிலேக்களையும் மோட்டார்களையும் இயக்க யுஎல்என்2003, இரண்டு சர்க்யூட்களை மின் தொடர்பில்லாமல் பேசவைக்க பிசி817 (PC817) ஆப்டோகப்ளர். தலா மூன்று முதல் ஐந்து வரை வைத்தால் போதும். ஐ.சி. சாக்கெட்டுகளையும் மறக்க வேண்டாம். எட்டுக் கால், பதினாறு கால் சாக்கெட் இருந்தால் சூடு பட்டு ஐ.சி. கெடாது, சந்தேகம் வந்தால் மாற்றியும் பார்க்கலாம்.

மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டரில், 5 வோல்ட் தரும் 7805ம், 3.3 வோல்ட் தரும் ஒன்றும், திருகி மாற்ற எல்எம்317ம். 7805க்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட்டாவது வேண்டும். அதற்கு மேல் வருவதையெல்லாம் சூடாக மாற்றிவிடும். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் என்றால் 7 பெருக்கல் 0.3, ஆக 2.1 வாட். ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் ஒரு வாட்டுக்குச் சுமார் 60 டிகிரி ஏறும் உடல் அது. கணக்கு எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். ஒரு கைப்பிடி ஹீட் சிங்க்கும் திருகும் அதே டப்பாவில் இருக்கட்டும்.

ஆறாம் படி: பட்டியலில் விட்டுப்போகும் சின்னச் சாமான்கள்

ஐ.சி. எல்லாம் இருந்தும் வேலை நிற்பது பெரும்பாலும் இவற்றால்தான். பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டுக்கு 22 கேஜ் ஒற்றைக் கம்பி வயர், மூன்று நான்கு நிறங்களில். சிவப்பைப் பவருக்கும் கருப்பைக் கிரவுண்டுக்கும் மட்டும் என்று முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள். அசையும் இடத்துக்குப் பல இழை வயர். 2.54 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட ஹெடர் பின் கீற்றுகள், ஆணும் பெண்ணுமாக. பேட்டரி கவ்வி, திருகு டெர்மினல், சறுக்கு சுவிட்ச், ஹீட் ஷ்ரிங்க் குழாய், புள்ளி போட்ட வெற்று போர்டு.

பாகங்களைப் பற்றவைக்கும் சால்டரில் காரீயம் கலந்த 63/37 வகை 183 டிகிரியில் ஒரே நொடியில் உருகி, ஒரே நொடியில் உறையும். அந்த நொடியில் கை ஆடினாலும் இணைப்பு கெடுவது குறைவு, பழகுவதற்கு நல்லது. காரீயம் இல்லாதது 217 டிகிரிக்கு மேல் கேட்கும். எதை எடுத்தாலும் 0.8 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே ரோசின் ஃப்ளக்ஸ் (உலோகத்தைச் சுத்தமாக்கிச் சால்டர் பிடிக்க உதவுவது). குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸ் மேசைப் பக்கமே வரக் கூடாது, மாதங்கள் கழித்தும் செம்பை அரித்துக்கொண்டிருக்கும். காரீயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

ஏழாம் படி: வாங்கும்போது

ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் எங்கே வாங்கினாலும் பெரிய மோசம் இல்லை. ஐ.சி., பவர் மாஸ்ஃபெட், லித்தியம் செல் மூன்றிலும் போலி அதிகம். ஒரு விற்பனையாளரிடம் மிக மலிவாக வாங்கிய மாஸ்ஃபெட்கள், சொன்ன மின்னோட்டத்தில் பாதியைக்கூடத் தாங்காமல் எரிந்துபோயின. உடைத்துப் பார்த்தபோது உள்ளே இருந்த சிலிக்கான் துண்டு எதிர்பார்த்ததில் கால்வாசிதான். 18650 என்ற லித்தியம் செல்லில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது பொய், அந்த அளவில் அவ்வளவு அடங்காது. இந்த மூன்றையும் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் வாங்குங்கள், எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

எட்டாம் படி: பழைய சாதனங்களிலிருந்து

பழைய பிரிண்டர் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். ஸ்டெப்பர் மோட்டார்கள், வழவழப்பான இரும்புத் தண்டுகள், பல்சக்கரங்கள், ஒளித்தடை சென்சார்கள், ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கடையில் தனித்தனியாகத் தேடினால் இவை லேசில் அமையாது. கெட்டுப்போன பொம்மைகளில் சின்ன மோட்டாரும் ஸ்பீக்கரும். மாறாக, ரெசிஸ்டரையும் சின்ன கெபாசிட்டரையும் கழற்றி நேரத்தை வீணாக்காதீர்கள், குட்டையான கால்களோடு மறுபடி பயன்படாது. பழைய எலெக்ட்ரோலைட்டிக்கைத் தொடவே வேண்டாம்.

திறக்கக் கூடாதவை சில உண்டு. மைக்ரோவேவ் அடுப்பு, பழைய குழாய் டிவி, கம்ப்யூட்டர் பவர் சப்ளை. 230 வோல்ட் இணைப்பு உள்ள இடங்களில் பவர் சப்ளையின் முதல் கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கலாம். மைக்ரோவேவில் இருப்பது அதைவிடப் பல மடங்கு, ஆளைக் கொன்றிருக்கிறது. இவற்றைப் பற்றி நேரில் கற்றுக்கொடுக்க அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இல்லாதவரை மூடியபடியே விட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் படி: அடுக்குவது

தேடி எடுக்க முடியாத பாகம் இருந்தும் இல்லாததுதான். ரெசிஸ்டருக்கு அழகான இழுப்பறை தேவையில்லை. மதிப்புக்கு ஒரு சின்னக் காகித உறை, மேல் விளிம்பில் தடித்த பேனாவால் மதிப்பு, ஒரு நீளப் பெட்டியில் சிறியதிலிருந்து பெரியதாக நிற்க வைத்தால் நூலக அட்டை போலப் புரட்டி எடுக்கலாம். இடையில் புது மதிப்பு வந்தால் செருகிக்கொள்ளவும் எளிது. இழுப்பறையில் வைத்தால் ஒன்று சேர்க்க எல்லாவற்றையும் நகர்த்த வேண்டியிருக்கும். கனமான சாமான்களுக்கு இழுப்பறை சரி.

மாஸ்ஃபெட்டையும் ஐ.சி.யையும் அவை வந்த ஆன்டிஸ்டாடிக் உறையிலேயே விடுங்கள், அல்லது கருப்பு நுரையில் குத்தி வையுங்கள். வெள்ளைத் தெர்மாகோலில் குத்தவே கூடாது. கையில் சுரீர் என்று அடிப்பதை நாம் உணர்வதற்கே சுமார் 3000 வோல்ட் வேண்டும். மாஸ்ஃபெட்டின் கேட் தாங்குவது 20 வோல்ட் அளவு. நமக்குத் தெரியாமலே அதைக் கொன்றுவிடலாம். எடுப்பதற்கு முன் நிலத்தோடு இணைந்த உலோகத்தை ஒருமுறை தொட்டுவிடுங்கள். ஈரம் அதிகமான இடமானால் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், கால்கள் கறுத்துவிட்டால் சால்டர் பிடிக்காது. பேட்டரிகளைப் பாகங்களோடு வைக்காதீர்கள். ஆல்கலைன் செல் கசிந்தால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் தின்றுவிடும்.

பிரெட்போர்டைக் கலைக்கும்போது பாகங்களை அன்றே உறைக்குத் திருப்புங்கள். முடியாவிட்டால் "அளக்க வேண்டியவை" என்று ஒரு கிண்ணம் வையுங்கள். அதிலிருந்து எடுக்கும் எதையும் மீட்டர் வைக்காமல் போர்டில் போடக் கூடாது.

தீர்ந்துபோவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு உறைக்குள்ளும் இன்னொரு சின்ன உறை வைத்து, அதில் பத்து ரெசிஸ்டரைப் போட்டு ஒட்டிவிடுங்கள். டிரான்சிஸ்டர் என்றால் மூன்று, ஐ.சி. என்றால் ஒன்று. வெளியே இருப்பது தீர்ந்து உள் உறையைக் கிழிக்கும் அன்றைக்கு, மேசையில் தொங்கும் தாளில் அந்தப் பாகத்தின் பெயரை எழுதுங்கள். தாளில் பத்து வரி சேர்ந்ததும் ஒரே ஆர்டராகப் போட்டுவிட்டு, வந்ததும் மறுபடி பத்தை எண்ணி உள் உறையில் போட்டு ஒட்டுங்கள்.